பூனைக்கு எதுக்கு ஆபரேஷன்? கேள்வியே தப்பு!

"பூனைக்கு ஆபரேசனா? வேற சோலியே இல்லையா அண்ணாச்சி?"

தென்காசிப் பக்கம் யாராவது ஒருத்தர் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறட்டும். பக்கத்து சீட்டிலிருந்து வருகிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மாட்டைக் கொண்டுபோனால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆட்டுக்கும் கேட்கமாட்டார்கள். இப்போதெல்லாம் நாய்க்குக்கூட மரியாதை வந்துவிட்டது. பூனை என்றால் மட்டும் சிரிப்பு.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், வெட்டிப் பார்த்துடுங்க" கட்சி. பாசம் நிறைய, பொறுமை குறைவு. பத்து நாள் பூனை சாப்பிடாமல் கிடந்ததைக் கவனிக்காமல், பதினோராம் நாள் சென்னைக்குக் கார் பிடிக்கிறவர்கள்.

இரண்டு கட்சிக்கும் இன்றைக்கு அடி உண்டு. உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளப்போவது கொஞ்சம் விசேஷமான ஒரு நோய்: பூனையின் கணையக் குழாய் அடைப்பு. ஏன் இது என்றால், இரண்டு கட்சியும் எங்கே தப்பு பண்ணுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற நோய் வேறு கிடைக்காது.

முதலில் மேட்டர் என்ன?

கணையம் என்பது வயிற்றுக்குப் பின்னால், குடலை ஒட்டிப் படுத்திருக்கிற உறுப்பு. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் விடுவது. இரண்டாவது, சாப்பாட்டைக் கரைக்கிற நொதிகளைச் சுரந்து, ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலின் ஆரம்பத்தில் கொட்டுவது. அந்தக் குழாய் அடைபட்டால் என்ன ஆகும்? இறைச்சியைக் கரைக்கிற நீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். கணையமும் இறைச்சிதானே! அது தன்னையே அரிக்க ஆரம்பிக்கும்.

இதில் பூனைக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம். நாய்க்குப் பொதுவாக இரண்டு கணையக் குழாய்கள். முக்கியமானது பித்தக்குழாயோடு சேராமல் தனி வாசலில் திறக்கும். பூனைகளில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு ஒரே குழாய்தான். அதுவும் கல்லீரலிலிருந்து வருகிற பித்தக்குழாயோடு சேர்ந்து, ஒரே வாசலில் குடலுக்குள் திறக்கிறது.

ஐந்தருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையில் பாறை விழுந்து அடைத்தாலும் மற்ற நான்கில் தண்ணீர் விழும், குளிக்க வந்தவன் ஏமாறமாட்டான். பூனையின் வயிற்றுக்குள் இருப்பது ஒற்றை வாய்க்கால். அதன் வாயை அடைத்தால் கணைய நீரும் நிற்கும், பித்தமும் நிற்கும். கணையம் வீங்கும், கல்லீரல் பாதிக்கும், காது மடலும் ஈறும் மஞ்சளாகும். கணையம், பித்தப்பாதை, குடல் மூன்றிலும் ஒரே நேரத்தில் அழற்சி இருப்பது பூனைகளில் அடிக்கடி பார்க்கிற சங்கதி. கால்நடை மருத்துவத்தில் அந்த மூன்றுக்கும் சேர்த்தே ஒரு தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடைப்பது எது? பெரும்பாலும் அழற்சியும் வீக்கமும். பழைய அழற்சி விட்டுப்போன தழும்பு. கெட்டியான பித்தக்கசடு. கட்டி. மிக அரிதாகக் கல். இன்னொன்று, பித்தக்குழாயில் குடியேறுகிற தட்டைப்புழு. வெப்பமண்டல நாடுகளின் சமாச்சாரம் இது. நத்தையில் ஆரம்பித்து, சின்னப் பூச்சிகள் வழியாகப் பல்லிக்கு வந்து, பல்லியைத் தின்ற பூனைக்குள் போய்ச் சேரும். சாரல் காலத்தில் சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடக்கிற ஊரில், பல்லி பிடிக்கிற பூனைக்குக் காமாலை வந்தால் மருத்துவரிடம் "பல்லி தின்னும்" என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒரு வாக்கியம் கத்தியைத் தள்ளிவைத்து மாத்திரையைக் கொண்டுவரலாம்.

பூனையின் ஊமைத்தனம்

நாய்க்கு வலித்தால் ஊரைக் கூட்டும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கணைய அழற்சி வந்த நாய் பொதுவாக வாந்தி எடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பல பூனைகள் வாந்திகூட எடுக்காது. சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், அவ்வளவுதான். "மழைக்கு மந்தமா இருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

ஆனால் பூனையின் உடம்பு பட்டினி தாங்காது. சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்பிலிருக்கிற கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்து, கல்லீரலையே முடக்கும். கொழுத்த பூனைக்கு இது இன்னும் சீக்கிரம். ஆக, முதல் நோய் கொல்லாவிட்டாலும் பட்டினி கொல்லும்.

இன்னும் ஒன்று. பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்ச ஒரு துணைப்பொருள் வேண்டும். மனிதனுக்கு அது இரைப்பையில் சுரக்கிறது. பூனைக்குக் கணையத்தில் மட்டும்தான் சுரக்கிறது! கணையம் படுத்தால் பி12-ம் படுக்கும், பசி இன்னும் போகும். இதற்கு மருந்து? பி12 ஊசி. ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், சென்னை வேண்டாம். பக்கத்துத் தெரு மெடிக்கலில் கிடைக்கிற சாதாரண ஊசி. அளவை மட்டும் மருத்துவர் சொல்லவேண்டும்.

அந்த ஆபரேஷன் எப்படி?

"வெட்டிப் பார்த்துடுங்க" கட்சிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

வயிற்றை நடுவில் திறந்து, முதலில் பித்தப்பையையும் குழாயையும் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு சிறுகுடலின் ஆரம்பத்தைக் கீறி, குழாய் திறக்கிற அந்தச் சின்ன வாசலைத் தேடி, அதற்குள் மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தி, கசடு இருந்தால் கழுவிவிடுவார்கள். கல் இருந்தால் எடுப்பார்கள். வீக்கத்தால் நெரிந்திருந்தால் அந்தக் குழாயையே கொஞ்ச நாளைக்கு உள்ளே தைத்து வைப்பார்கள், வீக்கம் வடிகிறவரை பாதை திறந்திருக்கட்டும் என்று. பழைய பாதையை மீட்கவே முடியாது என்றால், பித்தப்பையை நேராகக் குடலோடு இணைத்துப் புதுப் பாதை போடுவார்கள். அந்த இணைப்பு வாய் தாராளமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுருங்கி மறுபடி அடைக்கும். கவனிக்கவும்: இந்தப் புதுப் பாதை பித்தத்துக்கு மட்டும்தான். கணையத்துக்கு அதனால் நேரடி விடுதலை கிடையாது.

எல்லாம் நாலு கிலோ உடம்புக்குள், சில மில்லிமீட்டர் குழாயில்!

இதோடு, பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது. கே இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. அதனால் கத்தி வைப்பதற்கு முன்பே கே ஊசி போட்டு, ரத்தம் உறைகிறதா என்று சோதிக்கவேண்டும். காமாலை வந்த பூனைக்கு மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் சரியும், அதை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். ஆபரேஷன் முடிந்தபிறகு உணவுக்குழாய் வழியாக ஊட்டவேண்டும். வலி மருந்து வேண்டும். இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு? பித்தப்பாதை அடைப்புக்காக ஆபரேஷன் செய்த பூனைகளைப் பற்றி வெளிநாட்டுப் பெரிய மருத்துவமனைகள் வெளியிட்ட தொகுப்புகளில், ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை ஆபரேஷனை ஒட்டிய நாட்களிலேயே இறந்திருக்கின்றன. காரணம் புற்றுநோயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லா வசதியும் உள்ள இடங்களின் கணக்கு இது.

ஆகவே "பாசம் இருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் இல்லை" என்பது சுத்த அபத்தம். அழற்சியால் வருகிற அடைப்பில் கணிசமானவை சலைன், வலி மருந்து, வாந்தி மருந்து, குழாய் வழி உணவு, வைட்டமின் ஊசி இவற்றிலேயே வீக்கம் வடிந்து திறந்துகொள்கின்றன. கல், கட்டி, பித்தப்பை கிழிவது, மருந்துக்கு மசியாமல் நாளுக்கு நாள் மோசமாவது... அப்போதுதான் கத்திக்கு வேலை. நல்ல மருத்துவர் "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் அவருக்குத் தைரியம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம்.

அப்போ சிரிக்கிற கட்சி ஜெயித்ததா?

அதுதான் இல்லை!

ஆபரேஷன் ஆபத்தானது என்பதிலிருந்து "பூனைக்கு வைத்தியமே வேண்டாம்" என்று முடிவுக்கு வருவது, பரீட்சை கஷ்டம் என்பதால் பள்ளிக்கூடத்தையே மூடச் சொல்வது மாதிரி. மேலே சொன்ன கணக்கை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செலவு எங்கே ஏறுகிறது? ஆபத்து எங்கே ஏறுகிறது? நாள் கடக்கக் கடக்க.

இரண்டாம் நாளில் வந்த பூனைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கேன், சலைன், சில ஊசிகள். பன்னிரண்டாம் நாளில் வந்த அதே பூனைக்குக் கெட்டுப்போன கல்லீரல், உறையாத ரத்தம், நெடும் பயணம், பெரிய ஆபரேஷன், பாதிக்குப் பாதி உயிர். காமர்ஸ் வகுப்பில் நிலையான செலவு, மாறும் செலவு என்று மனப்பாடம் செய்வார்கள். இது தாமதத்தின் செலவு. எந்தப் பில்லிலும் தனி வரியாக வராது, ஆனால் எல்லா வரியிலும் கலந்திருக்கும்.

ஆக, "பூனைக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்பது கேள்வியே இல்லை. "பத்து நாள் வரை ஏன் யாரும் பார்க்கவில்லை?" என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு பதில், அந்தச் சிரிப்பு. பக்கத்து சீட்டின் சிரிப்புக்குப் பயந்துதான் பாதிப் பேர் கூடையைத் தூக்குவதே இல்லை.

"மனுஷனுக்கே வைத்தியம் இல்லை..."

வந்துவிட்டதா? வந்தாகவேண்டுமே! இந்த வாதம் இல்லாமல் எந்த விவாதமும் முடிந்ததில்லை.

சரி, மனிதக் கணையத்தின் கதையையே பார்ப்போமா?

1889-இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் பிடிபட்டது. 1920 அக்டோபர் கடைசியில் கனடாவில் ஃபிரெடெரிக் பான்டிங் ஒரு கட்டுரை படித்தார். கணையக் குழாயைக் கல் அடைத்த ஒரு நோயாளியைப் பற்றி மோசஸ் பாரன் எழுதியது. குழாய் அடைபட்டால் நொதி சுரக்கிற பகுதி அழிகிறது, இன்சுலின் திட்டுகள் தப்பிக்கின்றன என்ற விஷயம் பான்டிங்கின் தூக்கத்தைக் கெடுத்தது. 1921 கோடையில் டொராண்டோவில் அவரும் பெஸ்ட்டும் நாய்களின் கணையக் குழாயைக் கட்டிவைத்துச் சோதனையை ஆரம்பித்தார்கள். குழாயைக் கட்டுவது தேவையே இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் கதவைத் திறந்தது அந்தச் சாவிதான். 1922 ஜனவரியில் முதல் மனிதனுக்கு இன்சுலின் ஊசி.

அது நாய். பூனை எங்கே? வருகிறது.

நாள்பட்ட கணைய அழற்சியில் குழாய் அடைபட்ட மனிதர்களுக்குக் குழாயை நீளவாக்கில் திறந்து குடலோடு இணைக்கிற ஆபரேஷனை 1960-இல் பார்டிங்டனும் ரோஷெலும் இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். வலி ஏன் குறைகிறது? அதைத் தேடிய அமெரிக்க ஆய்வாளர் ஹோவர்ட் ரீபர் குழுவினர் பூனைகளின் கணையக் குழாயைச் செயற்கையாக அடைத்து நோயை உண்டாக்கினார்கள். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, குழாயைத் திறந்துவிட்டால் நிலைமை மாறுகிறது என்று 1994-இல் எழுதினார்கள்.

இப்போது மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்தில் இளவயதிலேயே கணையக் குழாயில் கல் சேர்ந்து, வயிற்றுவலியில் துடித்து, நீரிழிவில் முடிகிற ஒரு நோய் ஆயிரக்கணக்கானவர்களை வாட்டியது. பி.ஜே. கீவர்கீஸ் என்ற மருத்துவர் 1960-களில் அந்த நோயாளிகளை வரிசையாகப் பதிவுசெய்து உலகத்துக்குக் காட்டினார். மரவள்ளிக்கிழங்குதான் காரணமோ என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். பிறகு பரம்பரை மாற்றங்களின் பங்கும் தெரியவந்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை இருந்ததே அந்தத் திருவிதாங்கூர் பக்கம்தான். வேறு ஏதோ தேசத்துக் கதை இல்லை இது.

அந்த மனிதர்களுக்குச் செய்கிற குழாய் திறப்பு ஆபரேஷன் ஏன் பலன் தருகிறது என்ற புரிதலில் பூனையின் பங்கு இருக்கிறது. மனிதனுக்காகப் பூனையின் கணையக் குழாயை அடைக்கும்போது "பூனைக்கா?" என்று யாரும் சிரிக்கவில்லை. அதே குழாய் தானாக அடைபட்ட பூனைக்கு ஸ்கேன் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கணக்குப் பாடத்தில் பெயர் இல்லை. ஊர்ப் பாஷையில் இருக்கிறது.

அதோடு, கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு பூனைக்குச் சலைன் ஏற்றியதால் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மனிதனுக்குச் சலைன் நின்றுபோனது என்று காட்ட முடியுமா? சொந்தக் காசில் பூனையைக் கூட்டிப்போகிறவரிடம் "அந்தக் காசை ஏழைக்குக் கொடு" என்கிறவர், குற்றால சீசனில் பார்டர் பரோட்டாவுக்கு வரிசையில் நிற்கிறவரிடம் அதைச் சொல்வதில்லை. ஏன்? பரோட்டாவுக்குச் செலவழிக்க ஒருவனுக்கு உரிமை இருக்கிறது. பூனைக்குச் செலவழிக்க மட்டும் ஊரிடம் அனுமதி வாங்கவேண்டும்!

பேரேட்டில் இல்லாத தொழிலாளி

இப்போது ஒரு அரிசி மண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனை. எலி பிடிப்பது அதன் வேலை. சம்பளம் இல்லை, போனஸ் இல்லை, லீவு இல்லை. எலி தின்னாத அரிசி எவ்வளவு என்று எந்தப் பேரேட்டிலும் வரவு எழுதுவதில்லை. ஆனால் பூனைக்கு ஊசி போட்டால் உடனே செலவுக் கணக்கில் ஏறிவிடும். வரவை எழுதாமல் செலவை மட்டும் எழுதினால் எந்தத் தொழிலாளியும் தண்டம்தான்!

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 36-ஆம் பிரிவில் ஒரு வேடிக்கை இருந்தது. தொழிலுக்குப் பயன்பட்ட விலங்கு செத்துப்போனாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, அதை வாங்கிய விலையிலிருந்து உடலை விற்றுக் கிடைத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலவாகக் காட்டலாம். மண்டிப் பூனையை யார் விலை கொடுத்து வாங்குகிறார்கள்? வாங்கிய விலை பூஜ்யம். ஆகவே அதன் சாவின் நஷ்டமும் பூஜ்யம்.

சரி, அரசாங்கமாவது எண்ணுகிறதா? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருபதாவது 2019-இல் நடந்தது. இருபத்தோராவது 2024 அக்டோபரில் தொடங்கியது. மாடு, எருமை, ஆடு, பன்றி, கழுதை, ஒட்டகம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நாய்க்கு உண்டு. முயலுக்கு உண்டு. யானைக்குக்கூட உண்டு. பூனைக்கு இல்லை!

எண்ணப்படாததற்குத் திட்டம் கிடையாது. திட்டம் இல்லாததற்கு ஒதுக்கீடு கிடையாது. ஒதுக்கீடு இல்லாததற்கு மருந்தும் கிடையாது, பழகிய கையும் கிடையாது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் பூனைக்கும் பொருந்தும், மறுக்கவில்லை. முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். குற்றாலத்தில் அந்தப் பணத்துக்கு இரண்டு டீயோடு பஜ்ஜிகூட உருப்படியாகக் கிடைக்காது.

அப்போ என்னதான் வேண்டும்?

தென்காசியில் பூனைக்கென்று ஒரு பெரிய ஆபரேஷன் தியேட்டர் கட்டச் சொல்லவில்லை. அது வீண். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ செய்கிற கைக்கு இந்த ஆபரேஷன் பழகாது. அதற்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடினமான கேஸ் அங்கே போகட்டும்.

தென்காசிக்கு வேண்டியது அதற்கு முந்தைய படி. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, மாவட்டத் தலைநகர் என்ற பெயரும் வந்துவிட்டது. அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நாலு விஷயம்:

ஒன்று, மாட்டுச் சினை பார்க்க வாங்குகிற ஸ்கேன் கருவியோடு சிறு பிராணிக்கு ஏற்ற முனையும் வாங்கட்டும். வாரத்தில் ஒரு நாள் நாய்க்கும் பூனைக்கும் ஒதுக்கட்டும்.

இரண்டு, ரத்த மாதிரி திருநெல்வேலிக்குப் போகட்டும், பூனை இங்கேயே இருக்கட்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற தூரம்தான். காமாலையில் கிடக்கிற பூனையைக் கூடையில் குலுக்கிக்கொண்டு போவதைவிட இது மேல்.

மூன்று, ஆபரேஷன் சொல்கிற இடத்தில், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, மொத்தம் எவ்வளவு செலவு, செய்யாவிட்டால் வேறு என்ன வழி என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். வலியில்லாமல் கண்மூட வைப்பதும் ஒரு வழி என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லட்டும். தெரிந்து சம்மதிப்பது வேறு, பயந்துபோய்க் கையெழுத்துப் போடுவது வேறு.

நாலு, அடுத்த கணக்கெடுப்பில் பூனைக்கு ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம்!

இதில் எதுவும் கோடிக்கணக்கில் செலவாகிற விஷயம் இல்லை. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே ஆகாது. பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் அதை நோய் என்று எடுத்துக்கொள்வது. இரண்டாம் நாளே கூடையைத் தூக்குவது. பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் வீட்டு அரிசி மூட்டையையும் ஏதோ ஒரு பூனைதான் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கேட்டது பழைய கதை. பூனைக்கு யார் ஊசி போடுவது என்பதுதான் தென்காசி மாவட்டத்தில் இப்போதைய கேள்வி. பதில் சொல்லவேண்டியவர்கள் சிரித்து முடித்துவிட்டுச் சொல்லட்டும்... பூனை அதுவரை தாங்கினால்!

பி.கு.: சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிற பூனைக்கு "காய்ச்சலாக இருக்கும்" என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். கணையம் கொல்வதற்கு முன்னால் கை வைத்தியம் கொன்றுவிடும்.